இரண்டு கார்டுகள்

"அக்கா, டிரெயினிங்குக்கு என் கார்டையும் தேய்ச்சிடு. நான் ஏழாவது மாடி ஓய்வறையில கொஞ்சம் படுக்கிறேன்" என்றான் குகன்.

"உனக்குப் பதிலா கல்யாணமும் நானே பண்ணிக்கணுமாடா?" என்று திட்டிக்கொண்டே தாமரைச்செல்வி கார்டை வாங்கிக்கொண்டாள். அந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான். இரண்டாவது டவரிலிருந்து இறங்கி, எதிரே முதல் டவரின் வாசலில் இரண்டு கார்டுகளையும் தேய்த்துவிட்டு, ஜன்னலில்லாத பயிற்சி அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

வெளியே வந்தபோது இரண்டாவது டவரின் ஏழாவது மாடி கரியாகியிருந்தது. தீயணைப்பு வீரர்கள் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் தம்பி எங்கே?"

செக்யூரிட்டி கணினியைப் பார்த்தார். "பதறாதீங்கம்மா. அவர் பத்து நாலுக்கே இந்த டவருக்கு வந்துட்டாரே. அங்கே உள்ளே யாருமில்லைன்னு பதிவு காட்டுது. அதனாலதான் தேடறதை நிறுத்திட்டாங்க."

அவள் கையிலிருந்த இரண்டு கார்டுகளையும் அவரிடம் நீட்டினாள். அவர் புரிந்துகொண்டு கத்தியபடி ஓடினார்.

ஸ்டிரெச்சர் இறங்கி வர அரைமணி நேரம் ஆனது. அதை யாரும் அவசரமாகத் தூக்கிவரவில்லை.

மூன்று வருடங்களாகின்றன. வெளியேறிய நேரம் பதிவாகவில்லை என்பதால், முதல் டவரின் கணினியில் குகன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.