ஆள் சேராத புகார்

துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் வீடுகள் தங்கள் பழுதுகளைத் தாங்களே புகாராக அனுப்பும். அவற்றில் எந்த ஆளோடும் இணைக்கப்படாத புகார்களைத் தேடிப்பிடித்துத் தீர்ப்பதுதான் எபனேசரின் பிழைப்பு. அன்றைக்கு அகப்பட்டவை எல்லாம் ஒரே வீட்டுப் புகார்கள். அடுப்பு தானாக எரிகிறது. குழாய் தானாக ஓடுகிறது. அடுப்படியில் யாரோ விசும்புவது போலச் சத்தம். பழுது நீங்காவிட்டால் சாயங்காலம் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திவிடப் போவதாகவும் வீடு எழுதியிருந்தது.

அலுவலகச் சாவியால் கதவைத் திறந்தான். அடுப்படியில் ஒரு பெண் நின்றாள்.

"வீட்டுல ஆளே இல்லன்னு போட்டிருக்குக்கா."

"அப்ப நான் என்ன, பேயா?" என்றாள் வடிவு. "எங்க வீட்டுக்காரரு செத்ததும் அவரு பேரை எடுத்துட்டாங்க. என் பேரு அதுலதான் தொங்கிட்டிருந்துச்சு. வெளிய போனா வீடு திரும்ப உள்ள விடாதுய்யா."

கையிலிருந்த கருவியில் அவளைச் சேர்க்கப் பார்த்தான். அது வீட்டுக்காரரின் சம்மதம் கேட்டது.

"அவரத்தான் எரிச்சாச்சே," என்றாள்.

ஆளைச் சேர்க்க அவனுக்கு அதிகாரமில்லை, சாமானைச் சேர்க்கலாம். தண்ணீரில்லாமல் தவிக்கவிடுவதற்கு இது தேவலை என்று நினைத்தான். "கோவிச்சுக்காதீங்க. கிரைண்டர்னு போடுறேன்."

"போடு. முப்பது வருஷமா அதுதானே நான்."

அடுத்து கருவி சாமானின் வயதைக் கேட்டது. எபனேசர் அவளிடமே கேட்டு, உள்ளதை உள்ளபடி போட்டான்: ஐம்பத்திரண்டு. புகார்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. வடிவு கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போது சுவரிலிருந்து வீடு இதமான குரலில் பேசியது. "கிரைண்டர் மிகவும் பழசாகிவிட்டது. புதியது நாளை வரும். பழையதை ஏற்ற வண்டிக்குச் சொல்லிவிட்டேன்."

வாசலில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.