ஆராத்தித் தட்டு

கொட்டாஞ்சேனைப் பாடசாலையின் வாசலில் வெயில் நிற்கவிடாமல் சுடுகிறது. வரலாறு படிப்பிக்கும் சுபோதினியின் கையில் ஆராத்தித் தட்டு; வாழைப்பழத் துண்டுகளில் குத்திய மூன்று திரிகளும் காற்றுக்கு நடுங்குகின்றன. காலையில்தான் ரோமப் பேரரசர்களின் பாடம் நடத்தினாள். பிடிபட்ட கிறிஸ்தவர்கள் பேரரசரின் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் உயிர் தப்பும். மறுத்தால் சிங்கத்துக்கு இரை. "நீங்கள் எண்டால் போடுவீங்களோ?" என்று கேட்டாள். "மாட்டம் மிஸ்!" என்று முழு வகுப்பும் கை உயர்த்தியது. இப்போது அமைச்சரின் வாகனம் வந்து நிற்கிறது. பதினேழு வருடங்களுக்கு முன், அவளுடைய தம்பி ஜனாவை வெள்ளவத்தை வீட்டிலிருந்து வெள்ளை வான் வண்டியில் கடத்திய அதே வாரத்தில், "அப்படி ஒருவரையும் நாங்கள் பிடிக்கவில்லை" என்று தொலைக்காட்சியில் சிரித்தவர் இவர்தான். "முகத்தைக் கொஞ்சம் சந்தோசமா வச்சிருங்கோ மிஸ்," என்று பாடசாலை அதிபர் காதுக்குள் சொல்கிறார். "புது பில்டிங் அவர்ட கையிலதான் இருக்கு." அவள் தட்டை மூன்று தரம் சுற்றுகிறாள். அமைச்சர் குனிந்து நெற்றியைக் காட்டுகிறார். அவளுடைய விரல் குங்குமத்தை வைக்கிறது, கோணாமல், வட்டமாக. மேல்மாடி ஜன்னல்களில், காலையில் உயர்ந்த அத்தனை கைகளும் அமைச்சருக்காக ஓங்கித் தட்டுகின்றன.