கைப்பையில் இருந்த மாத்திரை

மல்காஜ்கிரி மருந்துக்கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கர்ப்பத்தடை மாத்திரை சார். யாருக்கு?" என்றதும் துரைராஜ் அட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

வண்டிச் சாவியைத் தேடியபோது, மகள் மறந்து வீட்டிலேயே விட்டுப்போன கைப்பையில் கிடைத்த அட்டை அது. ரக்ஷிதாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பெண் பார்க்க வருகிறார்கள். எந்த முகத்தோடு அவர்கள் எதிரில் நிற்பது?

மாதாப்பூர் ஆபீஸிலிருந்து அவள் திரும்பும்வரை, மனைவி மங்களத்தின் மாலை போட்ட படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். 'நீ இருந்திருந்தால் உன்னிடமாவது சொல்லியிருப்பாளே!'

உள்ளே வந்தவளிடம் அட்டையை நீட்டினார்.

"யாரும்மா அந்தப் பையன்?"

"பையனா? அப்படி யாரும் இல்லப்பா."

"பொய் சொல்லாதே! கடையில கேட்டுட்டேன்."

ரக்ஷிதா அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாவுக்கு சினைப்பையில வந்த கேன்சர் எனக்கும் வர வாய்ப்பு அதிகம்னு டெஸ்ட்ல தெரிஞ்சுதுப்பா. இந்த மாத்திரை சாப்பிட்டா அந்த ஆபத்து குறையுமாம். டாக்டர்தான் கொடுத்தாங்க. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல."

துரைராஜ் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா திட்ட மாட்டேம்மா... யாரோ ஒரு பையன் இருக்கான்னே சொல்லிடும்மா!"