எட்டுப் படி

மலையாளச் சீமையில், கரமனையில் டியூஷன் எடுக்கும் சேஷனுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைப்பது இந்த மெட்ரிகுலேஷன் முடிவைப் பொறுத்திருந்தது. கடைசிப் பரீட்சையான கணக்கு முடிந்ததும், தன் பையன்களை வாசலிலேயே வளைத்துக்கொண்டார்.

"நானூறு படி நெல் எத்தனை மரக்கால்?"

"ஐம்பது ஸார்," என்றான் ஸ்ரீகண்டன். மற்ற நாலு பேரும் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

"நாசமாப் போச்சு. பத்தால வகுத்தா நாற்பதுன்னா வரணும்?"

"பத்துப் படி நம்மூர்ப் பறை அளவுக்கு ஸார். இது மெட்ராஸ் கேள்வி. மரக்காலுக்கு எட்டுப் படின்னு நீங்கதானே தலையிலே குட்டிக் குட்டிச் சொன்னேள்?"

சேஷன் சட்டைப் பையிலிருந்து தன் ஹால் டிக்கெட்டை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தார். அவரும் நாலாவது வருஷமாக அதே பரீட்சையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவை நாங்க சொல்லித் தரோம் ஸார்," என்றான் ஸ்ரீகண்டன்.