முதலாளியின் ஜெட் படகு

முதலாளியின் விளையாட்டு ஜெட் படகை யோகராஜா பச்சைக் குழந்தையைப் போல மடியில் கிடத்தியிருந்தான். மோட்டாரிலிருந்து பின்னால் போகும் தண்டைச் சுற்றி அடைத்திருந்த கிரீசைத் துணியால் ஒத்தி ஒத்தித் துடைத்தான். பார்த்தவர்கள் என்ன அக்கறை என்று மெச்சியிருப்பார்கள்.

அக்கறைதான். கிரீசைத் துடைத்ததும் உள்ளேயிருந்த சின்ன ரப்பர் வளையத்தைக் குறட்டால் பிடுங்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இனித் தண்டு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். கரையில் ஒன்றும் தெரியாது, நடு ஏரிக்குப் போனதும் மானம் கப்பலேறும்.

ஜெகதீஸ்வரனின் மானம்.

சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஏரிக்கரையில் இருந்தது அந்த ஹோட்டல். கோடை முடிந்துவிட்டது. குசினியில் கோப்பை கழுவும் இரண்டு தமிழரில் ஒருவரைத்தான் பனிக்காலத்துக்கு வைத்திருப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மற்றவர் அகதி முகாமுக்குத் திரும்ப வேண்டியதுதான். முகாமின் இரும்புக் கட்டிலுக்குத் திரும்ப யோகராஜா தயாராக இல்லை.

அவனுக்குப் போட்டியாக நின்ற ஜெகதீஸ்வரனோ எமகாதகன். பருத்தித்துறையில் வள்ளத்து எஞ்சின் திருத்திப் பழகிய கை. போதாததற்கு ஜெர்மனும் கதைப்பான். யோகராஜாவுக்குத் தெரிந்த ஜெர்மன், "யா" மட்டும். முதலாளி சொல்வதும் அவருக்குச் சொல்வதும் எல்லாம் ஜெகதீஸ்வரன் வாயால்தான்.

விருந்தினருக்கு வேடிக்கை காட்ட முதலாளி ரிமோட்டில் ஓட்டும் படகு அது. விசிறி வெளியே கிடையாது. அடிவயிற்றால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிக்கொண்டு ஓடும். பாசியை உறிஞ்சி நின்றுவிட்டால், குசினிக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் போட்டுவிட்டுப் போவார். மத்தியான ஓய்வில் ஜெகதீஸ்வரன் அதைத் திருத்தி அதே இடத்தில் வைத்துவிடுவான்.

அன்று காலையில்கூட இருவரும் கொட்டில் வாசலில் நின்று என்னவோ பேசினார்கள். நடுவில் முதலாளி யோகராஜாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். வேலையை விட்டுக் கலைக்கப்போகிறவனுக்கு ஆறுதல் வேறா என்று யோகராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளையத்தைப் பிடுங்கும் எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

பின்னேரம் ஏரிக்கரையில் வைன் கிளாசும் கையுமாக விருந்தினர் கூடினார்கள். தமிழர் இருவரும் ஏப்ரனோடு ஓரமாக நின்றார்கள்.

"என்ன அண்ணை, ஒரு மாதிரி நிக்கிறியள்?" என்றான் ஜெகதீஸ்வரன்.

"குளிரடாப்பா."

"இனி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை. எல்லாம் நல்லபடி நடக்கும்."

நடிக்கிறான் பார் என்று யோகராஜா பல்லைக் கடித்தான்.

படகு சீறிப் பாய்ந்தது. ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வட்டத்தில் அதன் பின்பக்கம் தாழ்ந்தது. முதலாளி ரிமோட்டைத் திருகு திருகென்று திருகினார். படகு மூக்கைத் தூக்கி ஒருதரம் வானத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டது.

யாரோ ஒரு பெண் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். முதலாளியின் முகம் பீற்றூட் நிறத்துக்கு வந்தது. யோகராஜாவுக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்தது; இப்படி இனித்து எத்தனையோ நாளாயிற்று. முதலாளிக்கு வழிவிட்டு மெல்ல ஒதுங்கி நின்றான்.

வந்தவர் ஜெகதீஸ்வரனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே யோகராஜாவிடம் வந்து காறித் துப்பாத குறையாகக் கத்தினார். அவன் ஏப்ரனைப் பிடித்து இழுத்துக் கழற்றி ஏரிக்குள் எறிந்தார். ரயில் நிலையப் பக்கம் விரலை நீட்டிவிட்டுப் போனார்.

"என்னை ஏனடா கலைக்கிறார்?" யோகராஜா ஜெகதீஸ்வரனின் தோளைப் பிடித்தான். "படகு உன்ரை வேலையெல்லோ?"

ஜெகதீஸ்வரனின் கண் கலங்கியிருந்தது. "என்ரை பிழைதான் அண்ணை, எங்கையோ சரியாப் பூட்டேல்லைப் போலை. எனக்குக் கனடா விசா சரிவந்திட்டுது. இந்த இடம் உங்களுக்குக் கிடைக்கட்டும் எண்டு..."

"எண்டு?"

"படகு திருத்தினதெல்லாம் நீங்கள்தான் எண்டு காலமை சொல்லிப்போட்டன்."