தையல் கோடு

அடுத்தவர் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் போட்டிக்கு வந்து நின்றால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்?

சர்வேயரைக் கேட்டால், "எழுந்து போங்கன்னு சொல்லிடுவேன்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தார்.

இரும்புக் கடைக்கு மேலே, மாடி அறையில் சர்வேயரும் கூட்டாளிகளும் நடத்தும் விளையாட்டுச் சங்கம். பெரிய மேசையில் கறுப்புத் துணி விரித்து, வெள்ளைப் புள்ளியாக நட்சத்திரம் தெளித்திருப்பார்கள். அதுதான் ஆகாயம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வர்ணம் அடித்து, உள்ளங்கை அளவுக்கு விண்கப்பல்கள். ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். தலை நரைத்த மனிதர்கள் சாப்பாட்டை மறந்து சண்டை போடுவார்கள்.

வருஷப் போட்டிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கப்பலை ஓட்டுகிறவரே அதை ஒட்டி, வர்ணமும் அடித்திருக்க வேண்டும்.

நடுவர், சர்வேயர்தான். நிலம் அளந்தே பழகிய மனுஷன், ஒரு நூல் அளவுகூட விட்டுக்கொடுக்க மாட்டார். போன வருஷம் சொந்த மச்சானையே ஆட்டத்தை விட்டு எழுப்பினவர். மச்சான் இன்னும் பேசுவதில்லை.

அன்றைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். செருப்புப் பெட்டிக்குள் பஞ்சு போட்டு ஆறு கப்பல்களைப் படுக்க வைத்திருந்தாள்.

விளையாடத் தெரியுமா என்று கேட்டார் சர்வேயர்.

"பெட்டிக்குள்ள ஒரு சின்னப் புத்தகம் வருமே சார், அதைப் படிச்சுப் படிச்சு மனப்பாடம். இதெல்லாம் மிச்சம் விழுந்த துண்டுல ஒட்டினது. ஒரே ஒரு தடவை மேசையில ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

உண்மைதான், ஒரு கப்பலின் இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வர்ணத்தில் கை தெரிந்தது. எஞ்சின் வாயில் புகை படிந்த கறுப்பு. தகடும் தகடும் சேரும் இடத்தில் முடி போல ஒரு வெள்ளைக் கோடு, ஊசி ஏறி இறங்கின மாதிரி விட்டு விட்டுப் போனது.

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வக்கீல் சார், உங்க கப்பல் குட்டி போட்டிருக்கு, வந்து பாருங்க."

அறையே சிரித்தது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. சங்கத்தின் செயலாளர் அவர். அழகான கப்பல் படைக்குக் கொடுக்கும் கோப்பை மூன்று வருஷமாக அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. விட்டு விட்டுப் போகும் அந்த வெள்ளைக் கோடு அவருடைய முத்திரை என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தான் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்றார் வக்கீல், ரொம்பத் தணிந்த குரலில். ஆனால் அந்தக் கோடு கைக்கு வர வருஷக்கணக்காகும், யார் அடித்தது என்று கேட்பது நடுவர் கடமை, அவ்வளவுதான் என்றார்.

"நீங்களே அடிச்சதாம்மா?" என்றார் சர்வேயர்.

"ஆமா சார்."

"அப்ப இங்கயே ஒரு கோடு போட்டுக் காட்டுங்க."

தூரிகையும் வெள்ளை வர்ணமும் அவள் முன்னால் வந்தன. நூல் முனையைக் கூராக்குகிற மாதிரி தூரிகையை உதட்டில் வைத்து ஈரப்படுத்தினாள். கப்பலை எடுத்தாள். பிறகு நிமிர்ந்தாள். எதிரே வக்கீல் தன் கப்பல்களை வரிசை பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பது போல அவள் கொஞ்சம் காத்திருந்தாள்.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேணாம் சார். நான் அடிச்சது இல்ல."

சர்வேயருக்கு வந்ததே கோபம். பொய் சொன்னதைக்கூட மன்னிக்கலாம், ஒருத்தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலைக்குத் தன் பேரைப் போட்டுக்கொள்வது திருட்டு என்று, அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். பட்டியலில் அவள் பேரை அடித்தார், ஸ்கேல் வைத்து. அவள் கப்பல்களை அவசரமாகப் பஞ்சுக்குள் வைத்தாள். பெட்டியை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"பாவம், விடுங்க" என்று சொல்லிவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு வக்கீலும் வெளியே போனார்.

"இவருக்குத்தான் துரோகம் பண்ணிருக்கா, இவரே பாவம்கறாரு. தங்கமான மனுஷன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மேசை ஓரத்தில் ஒரு கப்பலை அவள் மறந்துவிட்டிருந்தாள். அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு என்று சர்வேயர் அதை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்.

பாதியிலேயே நின்றுவிட்டார். கீழே வக்கீல் அவளிடம் ஒரு துணிப்பையை நீட்டிக்கொண்டிருந்தார். கோர்ட் கோட்டைத் தைக்கக் கொடுத்து ஆறுதல் சொல்கிறார் போலிருக்கிறது, எவ்வளவு பெரிய மனசு என்று சர்வேயருக்கு நெஞ்சே நிறைந்துபோனது.

அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கோட்டு இல்லை. ஒட்டு பிரிக்காத கப்பல் பெட்டிகள், மூன்று.

"எப்ப வேணும் சார்?" என்றாள்.

"அடுத்த மாசம் போதும்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இனிமே அந்தத் தையல் கோட்டை உங்க கப்பல்ல போடாதீங்க. என் கப்பல்ல மட்டும் போடுங்க."