இடது பக்கத்து மிஷின்

"என்னங்க, உங்கப்பா என் மிஷின்ல கை வைக்கிறாரு."

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான்.

"அப்பாவா? அவருக்கு டிவி ரிமோட்டையே நான்தான் சரிபண்ணிக் கொடுக்கணும்."

"அப்ப இடது பக்கத்து மிஷின் மட்டும் எப்படி ஜெயிக்குது?"

ஹால் மூலையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கழித்துக் கட்டியவை. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசல் ஒன்று. ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ் என்று ஆளுக்கொரு சிஸ்டம் போட்டிருந்தாள்.

இரண்டுக்கும் ஒரே வேலை. மறதி நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று, தன் மலையளவு கணக்கைப் பொடிப்பொடியாக்கி, விருப்பப்பட்டவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கெல்லாம் அனுப்பும். விடையைப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது, புண்ணியம் மட்டும்தான்.

அவளுக்கு அது வெறும் புண்ணியமும் இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மா, போன தடவை பார்க்கப் போனபோது அவளையே, "நீங்க யாரும்மா?" என்று கேட்டிருந்தாள்.

எந்த சிஸ்டத்தில் கணக்கு வேகமாக நடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவளிடம் விட்டிருந்தது, இதற்காக அவள் சேர்ந்திருந்த தன்னார்வலர் குழு. தானமாக வந்த மிஷின்கள் ஓர் அறை நிறையக் காத்துக்கிடந்தன. அவள் தப்பாகச் சொன்னால் அத்தனையும் மந்தமாகத்தான் ஓடும்.

முதலில் விண்டோஸ் ஜெயித்தது. நம்பாமல் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாள். இப்போது லினக்ஸ் ஜெயித்தது. எதைப் போட்டாலும் இடது பக்கத்து மிஷின்தான் முந்தியது. அதன் மேல் அம்மாவின் படம் இருந்ததால், அம்மாவின் ஆசீர்வாதமோ என்றுகூட நினைத்தாள். ஆனால் ஆசீர்வாதம் பகலில் மட்டும்தான் வேலை செய்தது. அவள் வீட்டில் இருக்கும்போது இரண்டும் சமர்த்தாகச் சமமாக ஓடின.

"சூடு ஏறினா மிஷின் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். உங்கப்பா சத்தம் தாங்காம வலது பக்கத்து மிஷினைத் துணி போட்டு மூடுறாரு. அவர் நாற்காலி அந்தப் பக்கம்தானே? பகல்ல வீட்ல வேற யாரு இருக்கா?"

"சேச்சே" என்று நழுவிவிட்டான் கணவன். அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா?

அவள் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. "வீடா இது, மாவு மில்லா?" என்று காலையும் மாலையும் முணுமுணுப்பவர் மாமனார்.

அதைவிடப் பழைய பகை ஒன்றும் உண்டு. கல்யாணத்தில் சம்பந்தியம்மா தன்னை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டாள் என்று அவருக்குக் கோபம். "வந்தவர் நேரத்தோட வந்திருக்கணும்" என்று அந்தம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான். சம்பந்தியம்மாவுக்கு இந்த நோய் என்று சொன்னபோதும், "ஹூம்" என்றதோடு சரி.

அந்த "ஹூம்" அவள் மனசில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது.

அன்று அரைநாள் லீவு போட்டாள். கையும் களவுமாகப் பிடித்து, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கேட்டுவிடுவது என்று முடிவு. வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

வலது பக்கத்து மிஷின் மேல் துணியும் இல்லை, தூசியும் இல்லை.

மாமனார் அறையில் இருக்க வேண்டிய டேபிள் ஃபேன், இடது பக்கத்து மிஷினைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. பனியன் தொப்பலாக நனைந்து ஒட்டிக்கிடக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"நீயாம்மா? இந்நேரத்துல?"

"இது உங்க ஃபேன்தானே மாமா?"

"தொட்டுப் பார்த்தேன். காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி கொதிச்சுது. அதான்..."

"ரெண்டும்தானே கொதிக்குது? இதுக்கு மட்டும் ஏன்?"

அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். வேறு இடமில்லாமல் அவள் அங்கே வைத்த படம்.

"இதுதானே சம்பந்தியம்மாவுக்காக ஓடுறது? அதான் நீ படம் வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

இரண்டுமே அம்மாவுக்காகத்தான் ஓடுகின்றன என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இந்த மனுஷரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்! கேட்க வந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அம்மாவோட நீங்க பேசுறதே இல்லையே மாமா?"

அவர் ஃபேனை மிஷினுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார்.

"அதுக்குத்தாம்மா. சண்டை பாதியில நிக்குது. அந்தம்மாவுக்கு ஞாபகம் திரும்பலேன்னா, மீதியை நான் யார்கூடப் போடுறது?"